ராஜவாய்க்கால் ஊர்கள்

நாமக்கல் மாவட்டம், பரமத்தி வேலூர் வட்டத்தில் ஜேடர்பாளையம் என்னும் ஊர் காவிரியின் இடக்கரையில் உள்ளது. இங்குள்ள படுகை அணையிலிருந்து பிரிந்து செல்லும் பாசனக் கால்வாய் ராஜவாய்க்கால் எனப்படுகிறது. ராஜவாய்க்காலும் அதனைச் சார்ந்த குமாரபாளையம் வாய்க்கால், பொய்யேரி வாய்க்கால், மோகனூர் வாய்க்கால் ஆகியவையும் பாயும் பகுதியில் பாண்டமங்கலம், பொத்தனூர், வெங்கரை, வேலூர், அனிச்சம்பாளையம், நன்செய் இடையாறு, பாலப்பட்டி, மோகனூர் முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. வெற்றிலைக்கும் வாழைக்கும் பெயர்பெற்ற இவ்வூர்களின் தொழில், சந்தை, திருவிழா ஆகிய அனைத்தும் இந்த வாய்க்கால் நீரைச் சார்ந்தே வளர்ந்தவை.

அமைவிடம்

சேலம், நாமக்கல் சமவெளியின் பெரும்பகுதி மேட்டு நிலம். ஆட்டையாம்பட்டி, மல்லசமுத்திரம், திருச்செங்கோடு போன்ற பகுதிகளில் வேளாண்மை மழையையும் கிணற்றையும் ஏரியையும் நம்பியே நடைபெறுகிறது. தெற்கே காவிரிக் கரையை அடைந்தால் நிலத்தோற்றம் மாறிவிடும். புன்செய்க் காடுகளுக்குப் பதிலாக அகத்தி மரங்கள் அடர்ந்த கொடிக்கால்களும் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் தென்படும்.

சேர்வராயன் மலைப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரையும் ஆட்டையாம்பட்டிப் பகுதியையும் கடந்து வந்து நன்செய் இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நீர் பாய்ந்து விளையும் நிலத்தைக் குறிக்கும் 'நன்செய்' என்னும் சொல் ஊர்ப்பெயரிலேயே இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. காவிரியின் எதிர்க்கரையில், கரூர் மாவட்டத்திலும் நஞ்சை, புஞ்சை என்ற அடைமொழியுடன் புகளூர் என்னும் பெயரில் ஊர்கள் உள்ளன.

வரலாறு

17ஆம் நூற்றாண்டில் பரமத்திப் பகுதியை ஆண்ட குறுநிலத் தலைவர் அல்லாள இளைய நாயக்கர். ஜேடர்பாளையத்தில் காவிரியின் குறுக்கே தடுப்பு அமைத்து ராஜவாய்க்காலை வெட்டியவர் இவரே என்பது இப்பகுதி மக்களிடம் நிலைத்துள்ள மரபு. ஜேடர்பாளையத்தில் இவருக்குச் சிலை உள்ளது. தை மாதம் முதல் நாளில் அரசு சார்பிலும் விவசாயிகள் சார்பிலும் அச்சிலைக்கு மாலை அணிவிக்கப்படுகிறது. அறுவடைத் திருநாளான பொங்கலன்றே வாய்க்கால் வெட்டியவரையும் நினைப்பது இவ்வூர்களின் சிறப்பாகும்.

1792ஆம் ஆண்டு திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பின் சேலம் பகுதி ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. அக்காலத்தில் ஏரிகளையும் வாய்க்கால்களையும் ஊரார் ஒன்றுகூடித் தூர்வாரும் 'குடிமராமத்து' வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. அது தளர்ந்து வருவதைக் கண்ட அரசு 1858ஆம் ஆண்டு சட்டம் ஒன்றின் மூலம் அப்பணியைக் கட்டாயமாக்கியது. பின்னர் வாய்க்கால் பராமரிப்பு படிப்படியாகப் பொதுப்பணித் துறையிடம் சென்றது. 2017இல் தமிழ்நாடு அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கி, பாசனம் பெறும் விவசாயிகளை மீண்டும் இப்பணியில் ஈடுபடுத்தியது.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதுவரை காவிரியின் இயற்கையான வரத்தை நம்பியிருந்த வாய்க்காலுக்கு, அதன்பின் அணையில் இருந்து திறக்கப்படும் நீரின் அளவும் முக்கியமானது. பவானி ஆறு ஜேடர்பாளையத்துக்கு மேலேயே காவிரியில் கலந்துவிடுவதால் அந்த ஆற்றின் நீரும் இவ்வூர்களுக்குப் பயன்படுகிறது. சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்த இவ்வூர்கள் 1997ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளன.

கொடிக்கால் வேளாண்மை

வெற்றிலை பயிரிடும் தோட்டம் கொடிக்கால் எனப்படும். முதலில் பாத்தி அமைத்து அகத்தி விதைப்பர். அகத்தி வளர்ந்து நிழல் தரத் தொடங்கியதும் அதனடியில் வெற்றிலைக் கொடியை நட்டுப் படரவிடுவர். பாத்திகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் நீர் பாயும். மண் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்; ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகி வாடல் நோய் தாக்கும். கொடி உயர்ந்ததும் அதைக் கீழிறக்கிக் கட்டுவது, இலை கிள்ளுவது, அடுக்குவது எனப் பல வேலைகள் இருப்பதால் ஆண், பெண் இருபாலருக்கும் ஆண்டு முழுதும் வேலை கிடைக்கிறது.

கற்பூரி, வெள்ளைக்கொடி ஆகிய இரு வகைகள் இங்கு மிகுதி. நூறு வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. 104 கவுளி கொண்டது ஒரு சுமை. அதாவது ஒரு சுமையில் 10,400 வெற்றிலைகள் இருக்கும். இளம்பயிர் இலைக்கும் முதியம்பயிர் இலைக்கும் சந்தையில் தனித்தனி விலை கூறப்படுகிறது. கோயில் திருவிழாக்களும் திருமணங்களும் மிகுந்த மாதங்களில் விலை ஏறும். மற்ற மாதங்களில் இறங்கும்.

வெற்றிலைக்கு அடுத்தபடியாக வாழை முக்கியமான பயிர். பூவன், ரஸ்தாளி, பச்சைநாடன், கற்பூரவள்ளி, மொந்தன் ஆகிய வகைத் தார்கள் வேலூரில் ஏலம் விடப்படுகின்றன. ஜேடர்பாளையம், கபிலர்மலைப் பகுதிகளில் கரும்பு பயிராகிறது. ஆலைக் கொட்டகைகளில் காய்ச்சப்படும் உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் 30 கிலோ சிப்பங்களாகப் பிலிக்கல்பாளையம் சந்தைக்கு ஏலத்துக்கு வருகின்றன. மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது.

சமூக வாழ்க்கை

'ஜேடர்' என்பது நெசவுத் தொழில் செய்வோரைக் குறிக்கும் சொல். உழவர், நெசவாளர், வணிகர், மீனவர், பரிசல் ஓட்டுவோர் எனப் பல தொழில் செய்வோர் வாழ்ந்த பகுதி என்பதை ஊர்ப்பெயர்களும் தெருப்பெயர்களும் காட்டுகின்றன.

ஆடிப்பெருக்கு இவ்வூர்களின் பொது விழா. அன்று வேலூர்க் காவிரிக் கரையில் மக்கள் திரண்டு நீராடி வழிபடுவர். பரிசல் போட்டியும் நடைபெறும். கபிலர்மலை பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் தைப்பூசத் தேரோட்டமும், நன்செய் இடையாறு மாரியம்மன் கோயிலில் தீமிதி விழாவும் புகழ்பெற்றவை. மோகனூரில் அசலதீபேஸ்வரர் கோயிலும் கல்யாண பிரசன்ன வெங்கட்ரமணர் கோயிலும் உள்ளன. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888இல் பிறந்தது மோகனூரில்தான். 2013இல் சேலம் - கரூர் ரயில் பாதை திறக்கப்பட்டபின் மோகனூர் ரயில் நிலையம் உள்ள ஊராகவும் ஆயிற்று.

இன்றைய சிக்கல்கள்

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 137 நாட்கள் மட்டும் நீர் விடப்படும். அந்தக் கால அளவுக்கு ஏற்ப அங்கு பயிர் செய்து கொள்ளலாம். ராஜவாய்க்கால் ஊர்களின் நிலை வேறு. வெற்றிலையும் வாழையும் நீண்ட காலப் பயிர்கள். தூர்வாருவதற்காகவோ ஆற்றில் நீர் குறைந்ததாலோ வாய்க்கால் சில வாரங்கள் அடைக்கப்பட்டால், பல மாத உழைப்பு கருகிவிடும். தூர்வாராமல் விட்டாலோ ஆகாயத்தாமரை அடைத்துக் கடைமடைக்கு நீர் சேராது. எனவே எப்போது அடைப்பது, எத்தனை நாள் அடைப்பது என்பதே இங்கு பெரிய கேள்வி. தலைமதகுக்கு அருகில் இருப்பவருக்குச் சில நாள் அடைப்பு தாங்கக்கூடியது. கடைமடையில் இருப்பவருக்கோ வாய்க்கால் திறந்த பின்னும் நீர் வந்து சேர மேலும் சில நாட்கள் ஆகும்.

இவ்வாய்க்கால்களைச் சீரமைத்துக் கரைகளைக் கான்கிரீட்டால் உறுதிப்படுத்தும் பணி அண்மை ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்டது. கான்கிரீட் போட்டால் கசிவு குறைந்து கடைமடைக்கு நீர் விரைவில் செல்லும். அதேவேளை அக்கசிவால் ஊறிவந்த கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் குறையவும் வாய்ப்புண்டு. ஊர்க் கழிவுநீரும் குப்பையும் வாய்க்காலில் சேர்வது மற்றொரு சிக்கல். சேலத்தின் சாக்கடையையும் சாயக்கழிவையும் சுமந்துவரும் திருமணிமுத்தாறு இப்பகுதியில்தான் காவிரியைச் சேர்கிறது. ஆகவே மேலே உள்ள நகரம் ஆற்றில் விடுவதைக் கீழே உள்ள ஊர்கள் ஏற்க வேண்டியுள்ளது.

கூலி உயர்வாலும் ஆட்கள் பற்றாக்குறையாலும் வெற்றிலை கிள்ளும் வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துள்ளது. சிலர் கொடிக்காலை அழித்துத் தென்னைக்கு மாறுகின்றனர். தென்னை சில வார வறட்சியைத் தாங்கும் என்பது இம்மாற்றத்துக்கு ஒரு காரணம். ஆனால் ஒரு கொடிக்கால் தரும் அளவுக்கு அன்றாடக் கூலி வேலையைத் தென்னந்தோப்பு தருவதில்லை. ஆதலால் வாய்க்காலில் நீர் தடைபடாமல் வருவது நிலம் உள்ளவரைப் போலவே நிலமற்ற தொழிலாளரின் வாழ்வுக்கும் இன்றியமையாதது.