கீசருக்கும் வயதாகிறது

முதல் குளிர்காலத்தில் இரண்டு பக்கெட் வெந்நீர் கொடுத்த கீசர், ஐந்தாவது குளிர்காலத்தில் ஒன்றரைக்கே ஓய்ந்துபோகிறது. குருகிராம் முதல் ஹைதராபாத் வரை போர்வெல் தண்ணீரை நம்பியுள்ள வீடுகளில் இது பழகிப்போன எரிச்சல்.

காரணம் உப்பு. கடின நீர் சூடானால் அதிலுள்ள கால்சியம் சுண்ணாம்பாகப் படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் இன்னும் வேகமாக. எலிமென்ட்டின் மீது ஓடுபோல ஒட்டிக்கொள்ளும் இந்தப் படிவம், உதிர்ந்து தொட்டியின் அடியிலும் இடம் பிடிக்கிறது. தெர்மோஸ்டாட் ஏமாந்துபோய், தண்ணீர் முழுக்கச் சூடாகும் முன்பே மின்சாரத்தை நிறுத்திவிடக்கூடும். எலிமென்ட்டோ அளவுக்கு மீறிக் காய்ந்து ஒருநாள் கருகிவிடுகிறது.

ஆனால் மின் கட்டணம் ஏறுவதற்கும் சுண்ணாம்பையே பழிப்பது பாதி நியாயம்தான். மூழ்கியிருக்கும் எலிமென்ட்டின் வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். 25 லிட்டரை 15 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுவர சுமார் 1.3 யூனிட் போதும். நஷ்டம் அதற்குப் பிறகு. தொட்டியைச் சுற்றியுள்ள கண்ணாடிக் கம்பளி கசிவில் ஈரமானால் வெப்பத்தைக் காக்காது. நாள் முழுக்க சுவிட்சை அணைக்காதவர்கள் குளிக்காமலே பணம் கட்டுகிறார்கள். கீசரில் ஒட்டியுள்ள நட்சத்திரங்கள் குறிப்பதும் இந்த இழப்பைத்தான் – அது புதிதாக இருந்தபோது.

எலிமென்ட் போனால் மாற்றிக்கொள்ளலாம். தொட்டி ஓட்டையானால் புது கீசர்தான். அதைத் தடுக்கத்தான் உள்ளே ஒரு மெக்னீசியத் தண்டு, இரும்புக்குப் பதிலாகத் தானே அரிபடுகிறது. சர்வீஸுக்கு வருபவரிடம் அதைக் கழற்றிக் காட்டச் சொல்பவர்கள் அபூர்வம்.