முற்றத்து நிழலும் மேல்வானப் பிறையும்

திருக்குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளையை இரண்டு மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, மற்றப் பாடங்களை வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கும் வழக்கம் நம் குடும்பங்கள் பலவற்றில் இருந்து வருகிறது. ஹிஃப்ளு முடிந்த பின்னரும் பள்ளிக்கு அனுப்பாது, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வைக்கும் பெற்றோரும் உள்ளனர். இத்தகைய தாய்மார்கள் கேட்டனுப்பும் கேள்விகளில் ஒன்று மீண்டும் மீண்டும் வருகிறது. தமிழையும் கணக்கையும் எவ்வாறோ சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். மரம், செடி, பறவை, வானம் ஆகியவற்றைப் பற்றிய பாடத்துக்கு எந்த நேரத்தை ஒதுக்குவது என்பதே அது.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை என்பதே என் விடை. ஐவேளைத் தொழுகை நடைபெறும் இல்லத்தில் அந்த நேரம் முன்னரே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதனை நாம் சுவரில் தொங்கும் அட்டவணையிடமும் கைப்பேசியிடமும் ஒப்படைத்துவிட்டு, வானத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

சற்றே எண்ணிப் பாருங்கள். அந்நஹ்ல், அந்நம்ல், அல்அன்கபூத் ஆகிய அத்தியாயங்களை ஒரெழுத்தும் பிசகாமல் ஓதுகிறது நம் பிள்ளை. அவை முறையே தேனீ, எறும்பு, சிலந்தி என்பதும் அதற்குத் தெரியும். ஆனால் கொல்லைப்புறத்து முருங்கைப் பூவில் வந்து அமரும் தேனீயை அது ஒரு தரமேனும் நின்று பார்த்திருக்கிறதா? அத்தாட்சிகளைப் பாருங்கள், சிந்தியுங்கள் என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் அழைக்கும் வேதத்தை நெஞ்சிலே சுமந்துகொண்டு, அந்த அத்தாட்சிகளைக் கண்ணாலே காணாமல் வளரும் பிள்ளையிடம் ஏதோ ஒன்று குறைவுபடுகிறது என்று நான் கருதுகிறேன். அக்குறையைப் போக்குவது தாய் தந்தையர் கையில்தான் இருக்கிறது.

லுஹரிலிருந்தே தொடங்கலாம். வெயில் விழும் முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான கம்பு ஒன்றை நட்டு, நிழலின் நுனியில் பிள்ளையைக் கொண்டு சுண்ணக்கட்டியால் குறியிடச் செய்யுங்கள். நிழல் குறுகிக் குறுகி வந்து, ஓரிடத்தில் நின்று, மீண்டும் நீளத் தொடங்கும். அந்தத் திருப்பமே சூரியன் உச்சி சாயும் வேளை. லுஹரின் வக்து அதிலிருந்து தொடங்குகிறது. கடிகாரத்தில் பன்னிரண்டு அடிப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும். சென்னையில் இந்த உச்சி வேளை பிப்ரவரி நடுவில் ஏறத்தாழ 12.23 மணிக்கும், நவம்பர் தொடக்கத்தில் 11.52 மணிக்கும் வருகிறது. அட்டவணையில் லுஹர் நேரம் முன்னும் பின்னுமாக நகர்வது ஏன் என்று வியந்தவர்களுக்கு அதுவே விளக்கம்.

அஸர் இதைவிடச் சுவையானது. ஒரு பொருளின் நிழல், உச்சி வேளை நிழல் நீங்கலாக, அப்பொருளின் அளவை எட்டியதும் அஸர் தொடங்கும் என்பது ஷாஃபிஈ மத்ஹபு. இரு மடங்கை எட்டியதும் தொடங்கும் என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூற்று. இதனை மதரஸாவில் பாடமாக ஓதுகிறோம். "உச்சி வேளை நிழல் நீங்கலாக" என்ற நிபந்தனை எதற்காக என்பதைக் கம்பும் சுண்ணக்கட்டியும் ஓராண்டில் கற்றுத் தந்துவிடும். சென்னையில் டிசம்பர் 22-ல் ஒரு மீட்டர் கம்பின் உச்சி வேளை நிழல் வடக்கு நோக்கி ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் நீண்டிருக்கும். ஆகவே அன்று நிழல் 174 சென்டிமீட்டரைத் தொடும்போது ஷாஃபிஈகளுக்கும், 274 சென்டிமீட்டரைத் தொடும்போது ஹனஃபிகளுக்கும் அஸர். ஏப்ரல் 24-ஐ ஒட்டி உச்சி வேளையில் நிழலே இராது. கம்பு தன் காலடியிலேயே நிழலை விழுங்கிக்கொண்டு நிற்கும். அதன் பின்னர் நிழல் தெற்குப் பக்கம் திரும்பி, ஜூன் 21-ல் 18 சென்டிமீட்டர் அளவுக்கு வந்து, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி மறுபடியும் மறையும். கன்னியாகுமரியில் இந்த நிழலற்ற நாள் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே வந்துவிடும். ஃபிக்ஹும் பூகோளமும் கணக்கும் ஒரே கம்பில் அடங்கியிருக்கின்றன!

நம் முன்னோர் இதனைத் தொழிலாகவே கொண்டிருந்தனர். பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரங்களைக் கணிப்பதற்கென்றே 'முவக்கித்' எனும் அறிஞர் இருந்தார். டமாஸ்கஸ் உமையாப் பள்ளிவாசலில் அப்பணியை ஆற்றிய இப்னு ஷாத்திர் அவர்கள் 1371-ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மினாராவுக்காக ஒரு நிழற்கடிகாரத்தை அமைத்தார்கள். வான நூல் வரலாற்றில் அவர்களுடைய பெயர் இன்றும் மதிப்புடன் குறிப்பிடப்படுகிறது.

மஃரிபுக்குப் பின் பிறை. மாதத்தின் 29-ஆம் நாள் மட்டும் மாடிக்கு ஓடுவது போதாது. நாள்தோறும் மஃரிபு தொழுததும் சந்திரன் எங்கே என்று பிள்ளை தேடட்டும். முதற்பிறை சூரியன் மறைந்த இடத்துக்கு அருகிலேயே, ஒளியுள்ள பக்கத்தை அதன்பால் திருப்பிக்கொண்டு நிற்கும். நம் நாட்டில் அது பெரும்பாலும் தோணி மல்லாந்தாற்போல் கிடக்கும். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடங்கள் பிந்தி மறையும். பதினான்காம் இரவை ஒட்டி, மேற்கே சூரியன் இறங்கும்போது கிழக்கே முழுநிலவு ஏறும். பிந்திய நாட்களில் சுபுஹு வேளையில் கீழ்வானில் தேய்பிறையைக் காணலாம். யாசீன் அத்தியாயம் தேய்ந்த பிறையைக் காய்ந்து வளைந்த பழைய பேரீச்சங் குலைக்காம்புக்கு ஒப்பிடுகிறது. காய் பறித்த பின் உலர்ந்து கிடக்கும் தென்னங்குலையின் காம்பு ஒன்றைப் பிள்ளையின் கையில் கொடுத்து, அதனை அந்த வானத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பத்துப் பக்க விரிவுரை செய்யாததை அது செய்யும்.

பெருநாள் எந்த நாள் என்று ஆண்டுதோறும் நம்மிடையே எழும் பிணக்கில் நான் இங்கு இறங்கப் போவதில்லை. ஆனால், அப்பிணக்கில் உரத்துப் பேசுவோரில் எத்தனை பேர் ஷஅபான் 29 மாலையில் மேற்கு நோக்கிக் கால்மணி நேரம் பொறுமையாக நின்றிருக்கின்றனர் என்று கேட்கத் தோன்றுகிறது. பிறை குறுஞ்செய்தியில் பிறப்பதாகவே நம் சிறுவர்கள் எண்ணத் தொடங்கிவிட்டனர்.

இனி, பறவைகளிடம் வருவோம். அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் சிறு குருவியொன்றை வைத்து விளையாடி வந்தார். அது இறந்துவிட்டது. அவ்வில்லத்துக்கு வந்த பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவரின் வாட்டத்தைக் கண்டு, அவரைப் பெயர் சொல்லி அழைத்து, அக்குருவியையும் அதன் பெயரால் குறிப்பிட்டு விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தின் தலைவர், ஒரு குழந்தையின் குருவிக்காக நின்று பேசியிருக்கிறார்கள். ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது படிப்பினைகளை எடுத்துத் தனி நூலே எழுதினார்கள். இன்னொரு சமயம், குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த தாய்ப்பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பி வைத்துவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களைப் பணித்தார்கள். ஆகவே பிள்ளை கூட்டைப் பார்க்கலாம், கலைக்கலாகாது. பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டிலடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படியும் குற்றமாகும்.

வீட்டார் ஒரு பிள்ளையின் கேள்வியை மதித்தால் என்ன விளையும் என்பதற்குச் சாலிம் அலி அவர்களின் வரலாறு சான்று. 1896-ல் பம்பாயில் பிறந்த அவர், பெற்றோரைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். சிறுவராயிருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. இதனை உண்ணலாமா, கூடாதா என்ற ஐயம் எழவே மாமனிடம் எடுத்துச் சென்றார். மாமன் அதட்டி விரட்டவில்லை; தமக்கும் தெரியாததால், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளர் மில்லார்டிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அங்கே இழுப்பறை இழுப்பறையாகப் பாடம் செய்து வைக்கப்பட்டிருந்த பறவைகளைக் கண்ட சிறுவர், 1987-ல் மறையும் வரை பறவை ஆய்விலேயே வாழ்ந்தார். நம் கோடியக்கரையிலும் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை ஆராயும் பணியை நடத்தினார். ஹலாலா ஹராமா என்ற ஒரு சிறுவரின் பேணுதல், பறவையியலின் வாயிலைத் திறந்துவிட்டது!

வீட்டைச் சுற்றிப் பார்க்கவும் எவ்வளவோ உண்டு. சிலந்தியின் வீடே மிகப் பலவீனமான வீடு என்பதை அன்கபூத் அத்தியாயத்தில் ஓதிய பிள்ளை, தேன்சிட்டு தன் கூட்டைப் பிணைக்கச் சிலந்தி நூலையே திரட்டி எடுத்துப்போவதைக் காணட்டும். காபீலுக்குக் காகம் வந்து கற்பித்த வரலாற்றை ஓதியவர்கள், கோடைக்காலத்தில் காகம் குயிற்குஞ்சுக்கு இரையூட்டுவதைப் பார்த்து வியக்கட்டும். கண்டதைத் தேதியிட்டு எழுத ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். அதைத் திருத்தி மதிப்பெண் போடும் ஆசை மட்டும் உம்மாவுக்கோ அத்தாவுக்கோ வரக்கூடாது. மதிப்பெண் வந்தால் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டு, நீங்கள் விரும்புவதை எழுதத் தொடங்கிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் பெற்றோரின் மதிப்புக் குறைந்துவிடாது.

மே மாத இறுதியில் குடும்பம் முழுவதும் கூடிச் செய்யத்தக்க ஒன்றையும் குறிப்பிடுகிறேன். மே 28-ல் சூரியன் கஅபாவின் நேர் உச்சியில் நிற்கும். அப்போது நம் கடிகாரத்தில் பிற்பகல் 2.48 மணி. அந்நேரத்தில் கம்பின் நிழல் நுனியிலிருந்து கம்பின் அடியை நோக்கிக் கோடு கிழித்தால் அதுவே கிப்லாவின் திசை. சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம். நிழலைப் பார்த்தால் போதும். சென்னையில் அக்கோடு நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். இதைக் கண்டறிந்த உற்சாகத்தில் மஹல்லாப் பள்ளியின் மிஹ்ராபை அளந்து, முத்தவல்லியிடம் வழக்குக்குப் போக வேண்டாமென்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறு சாய்வினால் தொழுகைக்குக் குறைவில்லை. அன்று மேகம் மறைத்தால் மறுநாள் அதே நேரத்தில் பார்க்கலாம், வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது. அதுவும் தவறினால் ஜூலை 16, பிற்பகல் 2.57 மணிக்கு மற்றொரு வாய்ப்பு இருக்கிறது.