திரிகைக்கல்லும் மேலாடையும்

விவிலியத்தின் கடன் ஒழுக்கம் பற்றிப் பேசுவோர் வட்டித் தடையோடு நின்றுவிடுவதே வழக்கம். அடைமானம் குறித்து (நாம் ரஹ்ன் என்போம்) அது விதிக்கும் வரம்புகளே இக்காலத்துக்கு மிக நெருக்கமானவை எனக் கருதுகிறோம்.

உபாகமத்தின் 24ஆம் அதிகாரம் திரிகைக்கல்லை அடகாகப் பெறுவதைத் தடுக்கிறது. அதன் மேற்கல்லை மட்டும் எடுத்தாலும் அன்று அவ்வீட்டில் மாவில்லை. அடகுப்பொருளை எடுக்கக் கடன் கொடுத்தவன் வீட்டினுள் நுழையலாகாது. வெளியே நிற்க, கடனாளியே கொண்டுவந்து தருவான். ஏழையின் மேலாடையாயின் அந்திக்குள் திருப்பியளித்தல் வேண்டும். இரவில் அவனுக்குப் போர்வை அதுவே. பகலில் மட்டும் கையிலிருப்பது என்ன அடகு என வினவலாம். கடனை நினைவூட்டும் அடையாளம் என்பதற்குமேல் அதற்கு இடமளிக்கப்படவில்லை.

இவ்விதி மீறப்பட்டமைக்கும் சான்றுண்டு. அடகு ஆடைகளைப் பலிபீடங்களருகே விரித்துப் படுத்தோரை ஆமோஸ் கண்டிக்கிறார். 1960இல் யாவ்னே அருகே கிட்டிய, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் எபிரேய ஓட்டெழுத்தில், பறிக்கப்பட்ட தன் ஆடையை மீட்டுத்தருமாறு ஓர் அறுவடைத் தொழிலாளி அதிகாரியிடம் முறையிடுகிறான். அங்கே கடன் பேசப்படவில்லை. எனினும் ஓராடையின் பெறுமதி புலனாகிறது.

நம் நாட்டின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம், 60ஆம் பிரிவில், இன்றியமையாத உடுப்பு, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கியுள்ளது. கைப்பேசிவழிக் கடன் வழங்கிய செயலிகள் சிலவோ வாசலில் நிற்கவில்லை. கடனாளியின் தொடர்பெண்கள்வரை உட்புகுந்து, உறவினரிடம் அவரை இழிவுபடுத்திக் கடனைத் தண்டின. கைப்பேசியின் கோப்புகளையும் தொடர்பெண்களையும் அத்தகு செயலிகள் அணுகலாகாதென 2022இல் ரிசர்வ் வங்கி நெறிமுறை வகுத்தது.