கரியடுப்பின் கைப்பிடி



சமையலைப் பற்றிப் பேசுவோர் அடுப்பைப் பற்றிப் பேசுவர். விறகைப் பற்றியும் பானை சட்டியைப் பற்றியும் பேசுவர். கைப்பிடியைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஆயினும், நெருப்போடு பழகும் எந்தக் கருவியிலும் மனிதனுடைய கை படுவதற்கென்று அமைந்த இடம் கைப்பிடி ஒன்றேயாகும். அது செவ்வையாக அமைந்தால் நாம் அதனை நினைப்பதில்லை. பிழையாக அமைந்தாலோ, ஒவ்வொரு நாளும் அது தன்னை நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். மூடியுள்ள கரியடுப்புக்களின் கைப்பிடி, திருகாணி, பிணைச்சல், கால் ஆகிய உறுப்புக்களில் காணப்படும் குறைகளையும், அவற்றை நம் ஊர்ப் பட்டறைகளிலேயே திருத்திக்கொள்ளும் முறைகளையும் இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

இப்பொருளை ஏன் எடுத்துக்கொண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். 2022ஆம் ஆண்டில் நம் நாடெங்கும் சமையல் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு உண்டானபோது, பரணில் கிடந்த பழைய அடுப்புக்கள் பல கீழே இறங்கின. விறகும் சிரட்டைக்கரியும் மீண்டும் மதிப்புப் பெற்றன. அதற்கு முன்னரே, 2009இல் போர் முடிந்த பின்பு பாசிக்குடா முதலிய கடற்கரைகளில் விடுதிகள் பெருகியமையால், மீனையும் இறாலையும் கரித்தணலில் வாட்டிக் கொடுக்கும் தொழிலும் வளர்ந்தது. கடையில் வாங்கிய உருண்டை அடுப்பும், எண்ணெய்ப் பீப்பாயை இரண்டாகப் பிளந்து ஒட்டுவேலைக்காரர் செய்து கொடுக்கும் அடுப்பும் இன்று வாவிக்கரையில் புதுமையல்ல. மாலை வேளையில் கொடுவாவும் ஓராவும் வாட்டி விற்கும் ஒருவர், மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் சாக்குத்துண்டு ஒன்றைத் தேடுவாரானால், அக்கைப்பிடி அவருக்குப் பயன்படவில்லை என்பதே பொருள். அந்தச் சாக்குத்துண்டு கைதவறித் தணலில் விழும் நாளும் உண்டு. சுட்டுவிட்ட உள்ளங்கையோடு ஒரு வாரம் வலை இழுக்கவோ தோணி தள்ளவோ முடியாது. ஆதலால் இதனைச் சிறு பொருள் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

கேத்தில் அடுப்பு என்று அழைக்கப்படும் உருண்டை வடிவக் கரியடுப்பின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் சிக்காகோ நகரில் வெபர் சகோதரர் உலோகப் பட்டறையில் வேலை பார்த்தவர் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர். அப்பட்டறையில், நீர்வழியைக் காட்டுவதற்காக ஏரியில் மிதக்கவிடப்படும் உலோக மிதவைகளும் செய்யப்பட்டன. 1952ஆம் ஆண்டில் அவர் அத்தகைய மிதவை உருண்டையை இரு பாதியாக்கி, கீழ்ப்பாதிக்குக் கால்களும் மேற்பாதிக்குக் கைப்பிடியும் பொருத்தினார். காற்று புகுந்து வெளியேறத் துளைகளும் வைத்தார். மழையும் காற்றும் நெருப்பைக் கெடுக்காமல் மூடி காத்தது. துளைகளைத் திறந்தும் அடைத்தும் தணலை ஆளவும் முடிந்தது. நீரில் மிதந்த பொருள் நெருப்பைத் தாங்கும் பொருளாயிற்று. அவ்வடிவத்தைப் பின்பற்றி இன்று உலகெங்கும் மலிவான அடுப்புக்கள் பல செய்யப்படுகின்றன. உருண்டையைப் பார்த்துச் செய்வது எளிது. கைப்பிடியையும் திருகாணியையும் சிந்தித்துச் செய்வதுதான் கடினம். குறைகள் பெரும்பாலும் அவ்விடத்திலேயே தங்கிவிடுகின்றன.

நம் முன்னோர் இவ்வகையில் சிந்தியாதவர் அல்லர். சிரட்டை அகப்பையை எடுத்துப் பாருங்கள். சிரட்டையும் வெப்பத்தை எளிதில் கடத்தாது, மரக்காம்பும் கடத்தாது. காம்பு நீளமாக இருப்பதனால் கை, கொதிக்கும் குழம்பினின்றும் எட்டியே நிற்கும். சிரட்டைக்கரி இட்டுப் பயன்படுத்திய பித்தளை ஸ்திரிக்கைப்பெட்டியும் அத்தகையதே. தணல் நிறைந்த பெட்டிக்கு மேலே, இரண்டு உலோகத் தூண்களின் மீது, மரப்பிடி உயர்ந்து நிற்கும். முன்புறத்து மூடியைப் பூட்டும் கொளுக்கி சேவல் வடிவில் அமைந்திருப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்பீர்கள். அச்சேவல் அழகுக்காக மாத்திரம் நிற்கவில்லை. பெட்டியின் உடலிலிருந்து விலகி உயர்ந்து நிற்பதால், அதன் தலையைப் பற்றி மூடியைத் திறக்க முடிந்தது.

மேல்நாட்டிலும் இச்சிக்கல் இருந்தது. அடுப்பில் வைத்துச் சூடேற்றும் இரும்பு ஸ்திரிக்கைக் கட்டிகளுக்குப் பிடியும் இரும்பாகவே இருந்தமையால், துணி சுற்றிப் பிடிக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த மேரி புளோரன்ஸ் பொட்ஸ் என்ற பெண்மணி, கழற்றி மாட்டக்கூடிய மரப்பிடி ஒன்றை அமைத்து 1871ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பிடிக்கு மூன்று கட்டிகள். ஒன்று பயன்படும்போது மற்றவை அடுப்பில் சூடேறும். பிடி மாத்திரம் நெருப்பை அணுகாது. வீட்டு வேலையின் துன்பத்தை அறிந்தவர் செய்த திருத்தம் அது.

இனி, கைப்பிடி ஏன் சுடுகின்றது என்பதைப் பார்ப்போம். வெப்பம் மூன்று வழிகளில் செல்லும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள்: கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல். கைப்பிடியை இம்மூன்றும் தாக்குகின்றன. மூடியின் தகட்டிலிருந்து திருகாணி வழியாக வெப்பம் ஏறுவது கடத்தல். மூடியின் துளையிலிருந்து எழும் சூடான புகை பிடியைத் தொடுவது மேற்காவுகை. சூடேறிய மூடி வெளிவிடும் அனல் பிடியின் அடிப்பக்கத்தைத் தாக்குவது கதிர்வீசல். கனன்று எரியும் கரியின் வெப்பநிலை 600 பாகை செல்சியசுக்கும் மேற்படுவதுண்டு. 60 பாகைச் சூடுள்ள இரும்பைச் சில விநாடிகள் பற்றினாலே தோல் புண்ணாகும் என்பதை எண்ணிப் பார்த்தால், இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கும் கைப்பிடியின் பொறுப்பு விளங்கும்.

கடத்தலைக் குறைக்கும் வழியைப் பொருள்களே நமக்குக் கற்பிக்கின்றன. அலுமினியம், சாதாரண உருக்கைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். துருப்பிடியா உருக்கோ சாதாரண உருக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவே கடத்தும். உலர்ந்த மரம் உருக்கைவிடச் சில நூறு மடங்கு குறைவாகக் கடத்தும். ஆகவே, பிடி மரமாகவும், அதனைத் தாங்கும் திருகாணி துருப்பிடியா உருக்காகவும் இருப்பது நன்று. சில மலிவான அடுப்புக்களில் தகட்டை வளைத்து வெறும் வளையமாகப் பிடி வைத்திருப்பர். வேறு சிலவற்றில் கறுப்பு நிறப் பேக்கலைற்றுப் பிடி இருக்கும். பெல்சியத்தில் பிறந்த லியோ பேக்லண்ட் 1907ஆம் ஆண்டில் உருவாக்கிய இப்பொருள் உருகாதது. ஆயினும் கருகி வெடிக்கக்கூடியது. சட்டிக்கு ஏற்ற அப்பிடி, புகைத்துளைக்கு அருகே நெடுநாள் நில்லாது.

திருத்தும் முறை இது. பழைய பிடியைக் கழற்றிவிட்டு, தேக்கு, முதிரை, வேம்பு முதலிய நன்கு உலர்ந்த மரத்தில் 3 சென்ரிமீற்றர் தடிப்புள்ள பிடி ஒன்றைக் கடைந்துகொள்ளுங்கள். பிடிக்கும் மூடிக்கும் நடுவே இரண்டு குழாய்த் துண்டுகளை நிறுத்தி, அவற்றினூடே நீண்ட திருகாணிகளைச் செலுத்துங்கள். இடைவெளி 5 அல்லது 6 சென்ரிமீற்றருக்குக் குறையலாகாது; விரல்முட்டு மூடியைத் தொடாதிருக்க அவ்வளவு வேண்டும். பின்பு, மூடிக்கும் பிடிக்கும் நடுவில் மெல்லிய தகடு ஒன்றை இரண்டையும் தொடாதவாறு நிறுத்துங்கள். அனலையும் புகையையும் அத்தகடு தடுக்கும். புகைத்துளை பிடிக்கு நேர் கீழே இருக்குமானால், மூடியைத் திருப்பி வைத்துப் பயனில்லை. பிடியைத் துளையினின்றும் விலக்கி, மறுபக்கத்தில் புதிதாகத் துளையிட்டுப் பொருத்துவதே வழி. மரப்பிடிக்கு வர்ணம் பூசவேண்டாம். சூட்டில் அது உரிந்து ஒட்டும்.

அடுத்தது திருகாணி. ஒரே திருகாணியில் நிற்கும் பிடி கையில் சுழலும். தூக்கிய மூடி சுழன்றால் அதன் விளிம்பு மணிக்கட்டைத் தொடும். ஆகவே இரண்டு திருகாணிகள் வேண்டும். அவையும் காலப்போக்கில் தளர்வதற்குக் காரணம் உண்டு. சூட்டினால் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். 30 சென்ரிமீற்றர் நீளமுள்ள இரும்புச் சட்டம் 300 பாகை சூடேறினால் 1 மில்லிமீற்றருக்குச் சற்று மேலாக நீளும். மரமோ சூட்டில் ஈரம் வற்றிச் சுருங்கும். ஒன்று நீள, மற்றொன்று சுருங்க, சுரை தளர்கின்றது. இதற்கு இரண்டு பரிகாரங்கள் உள. ஒன்று, சுரையின் கீழ்ச் சுருள் வாசர் இடுதல், அல்லது ஒரு சுரையின் மேல் மற்றொரு சுரையை இறுக்குதல். மற்றொன்று, நீண்ட சட்டங்களைப் பொருத்துமிடத்தில் வட்டத் துளைக்குப் பதிலாக நீள்துளை இட்டு, விரிவுக்கு இடம் விடுதல். பிடி ஆடாது என்று எண்ணித் தறையாணி அடிப்பாரும் உளர். அலுமினியத் தறையாணி தணலருகே நில்லாது. 660 பாகையில் அது உருகும். அதற்கு முன்பே வலுவிழந்துவிடும்.

மட்டக்களப்பில் வாழும் நமக்கு நெருப்பைவிடப் பெரும் பகை ஒன்று உண்டு. அது உப்புக் காற்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி ஒருபுறம், கடல் மறுபுறம். நடுவில் கல்லடி போன்ற ஊர்கள். இங்கே இரும்பு துருவேறாதிருப்பது அரிது. கச்சான் காலத்தில் உலர்ந்திருக்கும் அடுப்பு, மாரியில் வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் ஈரம் குடிக்கும். அடுப்பினடியில் தங்கிய சாம்பல் இதற்குத் துணைபோகும். சாம்பல் ஈரத்தை ஈர்த்துத் தகட்டை அரிக்கும். ஆகவே, நன்றாக ஆறியபின் சாம்பலை அன்றன்று அகற்றுதல் அடுப்பின் ஆயுளை நீட்டும் முதற்செயலாகும். ஆணி தேர்வதிலும் நுட்பம் உண்டு. உப்பீரம் படிந்த இடத்தில் இருவேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டால், ஒன்று மற்றொன்றுக்காக விரைந்து அழியும். பெரிய இரும்புத் தகட்டில் சிறிய துருப்பிடியா உருக்காணி இடுவதால் பெருந்தீங்கு இல்லை. அழிவு பரந்த தகட்டில் பகிரப்படும். துருப்பிடியா உருக்குத் தகட்டில் சிறிய இரும்பாணி இட்டாலோ, அழிவு முழுவதையும் அவ்வாணியே ஏற்று விரைவில் மாண்டுபோகும். மலிவு கருதி ஆணியை மாற்றுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

துத்தநாகம் பூசிய ஆணியையும் தகட்டையும் தணல் படும் இடத்தில் பயன்படுத்தலாகாது. துத்தநாகம் ஏறத்தாழ 420 பாகையில் உருகும். அதனினும் கடும் சூட்டில் எழும் அதன் ஆவி, மூச்சிலே கலந்தால் காய்ச்சலை உண்டாக்கும். அவ்வாணிகளை அடுப்பின் காலிலே இடலாம், கலத்திலே இடலாகாது. பீப்பாயால் அடுப்புச் செய்விப்போர், அதில் முன்பு இருந்த பொருள் யாது என்று விசாரித்தறிவது அவசியம். நச்சு மருந்தோ இரசாயனமோ இருந்த பீப்பாய் உணவுக்கு ஆகாது. எண்ணெய்ப் பீப்பாயையும் நன்கு கழுவி ஆவியை நீக்காமல் வெட்டவோ ஒட்டவோ விடாதீர்கள்; உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிரைக் குடிக்கும்.

காலும் பிணைச்சலும் எஞ்சியுள்ளன. மூன்று கால் அடுப்பு சமனற்ற தரையிலும் மூன்று காலையும் ஊன்றி நிற்கும். ஆனால் மணலில் ஒரு கால் புதைந்தால் சரிந்துவிடும். ஒவ்வொரு காலின் அடியிலும் உள்ளங்கையளவு தகடு ஒட்டினால் இக்குறை தீரும். குழாய்க்குள் வெறுமனே செருகிய கால், அடுப்பைத் தூக்கும்போது கழன்று விழும். அதற்குக் குறுக்கே துளையிட்டுக் கொட்டர் பின் ஒன்று செருகுங்கள். பீப்பாய் அடுப்பில் பிணைச்சல் பின்புறமும் பிடி முன்புறமும் இருப்பதால், மூடியைத் திறந்தவுடன் அனல் முகத்தில் அடிக்கும். பிடியை நடுவிலே வையாமல், ஒரு பக்க ஓரத்தில் நீட்டிவைத்தால், அடுப்பின் பக்கவாட்டில் நின்று திறக்கலாம். திறந்த மூடி தானாகவே விழாதிருக்க ஒரு சங்கிலி கட்டுங்கள். பிணைச்சல் இல்லாத உருண்டை மூடிக்கு, உட்புறத்தில் வளைந்த கொளுக்கி ஒன்று பொருத்தினால், கலத்தின் விளிம்பிலேயே மூடியைத் தொங்கவிடலாம். சூடான மூடியை நிலத்தில் வைப்பதும், ஓடி வரும் பிள்ளை அதில் மிதிப்பதும் இதனால் தவிர்க்கப்படும்.

இவ்வளவு செய்தும் கை சுட்டுவிடுமானால், உடனே குளிர்ந்த ஓடுநீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். நெய்யும் பற்பசையும் பூசுதல் தீங்கு. கரியடுப்பை, மூடி எத்துணை நன்றாயினும், கதவடைத்த அறைக்குள் வைக்கலாகாது. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு வாயு, உறங்குபவரை உறக்கத்திலேயே கொண்டுசெல்லும்.

நேயர்களே, புதிய அடுப்பு வாங்கச் செல்லும்போது அதன் பளபளப்பில் மயங்காதீர்கள். பிடியைப் பற்றி மூடியைத் தூக்குங்கள். சுழல்கின்றதா என்று பாருங்கள். விரல்முட்டு தகட்டைத் தொடுகின்றதா என்று பாருங்கள். புகைத்துளை எங்கே உள்ளது என்று பாருங்கள். காலைப் பற்றி அசையுங்கள். முன்பே வாங்கிவிட்டீர்களாயின், அதனை எறிந்துவிட வேண்டுவதில்லை. நல்ல மரத்துண்டு ஒன்று, துருப்பிடியா உருக்காணிகள் இரண்டு, குழாய்த் துண்டுகள் இரண்டு, சிறு தகடு ஒன்று, தச்சரிடமோ கொல்லரிடமோ ஒரு முற்பகல், இவை போதும். வீட்டில் அடுப்பை மூட்டுபவர் எவரோ, அவருடைய கையளவு கேட்டே அப்பிடியைக் கடையச் சொல்லுங்கள்.