பக்கத்து ஊர்த் துப்பறியும் பையன்

மகர்பட்டாவில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேருக்குத் தெரியும், மராத்திக் குழந்தைகளின் செல்லத் துப்பறிவாளன் நமக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்று? பெயர் பனேஷ் ஃபேணே. எல்லோருக்கும் 'ஃபாஸ்டர் ஃபேணே'. ஊர் ஃபுர்சுங்கி. ஹடப்சரைத் தாண்டினால் சில கிலோமீட்டர்தான். (இன்று அந்தப் பெயரைச் சொன்னால் புனேக்காரர்களுக்குக் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வருகிறது. அது தனி வருத்தம்.)

இவனைப் படைத்தவர் பா. ரா. பாகவத் (1910–2001). 'பால்மித்ர' என்ற சிறுவர் பத்திரிகையை நடத்தியவர்; ஜூல்ஸ் வெர்னின் கதைகளை மராத்திக்குக் கொண்டு வந்தவர். ஃபேணேயிடம் துப்பாக்கி கிடையாது, கார் கிடையாது. ஒல்லியான உடம்பு, ஒரு சைக்கிள், எதையும் விடாமல் துருவும் மூளை, வியப்பு வந்தால் நாக்கைத் தட்டி ஒரு 'டொக்'. புனேயில் பள்ளியில் படிக்கும் கிராமத்துப் பையன். அவ்வளவுதான் அவன் சொத்து! 1980-களில் தூர்தர்ஷனில் சுமீத் ராகவன் இவனாக நடித்தார். 2017-ல் அமேய் வாக் நடித்த திரைப்படம் வந்தது. அதில் ஃபேணே வளர்ந்த இளைஞன். கண்டுபிடிப்பது தேர்வு மோசடி ஒன்றை. எனக்கென்னவோ அரை நிஜார் ஃபேணேதான் பிடிக்கிறது.

கனடாவிலும் இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. கிரீ பழங்குடியைச் சேர்ந்த மைக்கேல் ஹட்சின்சன் 2019-ல் எழுதிய முதல் கதையில், சாம், ஆட்டர், ஆடிம், சிக்கடி என்ற நான்கு பிள்ளைகள், பெரியப்பா சித்தப்பா மக்கள், காணாமல் போன ஒரு தொல்லியல் ஆய்வாளரைத் தேடிப் புறப்படுகிறார்கள். கதை நடப்பது அவர்களுடைய ஊரில். உதவிக்கு வருவது தாத்தாவின் அறிவும் அந்த மண்ணின் பழக்கமும். இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். அந்நாட்டில் பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் பிற்பகுதியில். அந்தப் பிள்ளைகளின் பேரன் பேத்திகள் புத்தகத்தைத் திறந்தால், புத்திசாலிகளாக இருப்பவர்கள் தங்களைப் போன்றவர்கள்!

நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு யாரும் தடை போடவில்லை. ஆனாலும் அவர்கள் படிக்கும் மர்மக் கதைகளில் பெரும்பாலும் இங்கிலாந்துப் பிள்ளைகள்தான் ஜிஞ்சர் பீரும் சாண்ட்விச்சுமாக அலைகிறார்கள். தேவனின் சாம்புவும் தமிழ்வாணனின் சங்கர்லாலும் நமக்குப் பெருமைதான். ஆனால் இருவரும் பெரியவர்கள், பிள்ளைகள் இல்லை. மகாராஷ்டிரத்துப் பள்ளிகளில் 2020 சட்டத்தின்படி மராத்தி கட்டாயப் பாடம். அதை மதிப்பெண்ணுக்கு மட்டும் படிப்பானேன்? முதல் மராத்திக் கதைப் புத்தகமாக ஃபேணேயை வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகள் வாய்விட்டுப் படிக்க, தாய்மார்கள் அர்த்தம் கேட்டுக்கொள்ளலாம். நமக்கும் மராத்தி வரும்.

அடுத்தது தமிழில் ஒன்று வேண்டும். நம் குடியிருப்பிலேயே ஒரு தமிழ்ச் சிறுமி துப்பறியட்டுமே! காவலாளியிடம் இந்தியில் விசாரிப்பாள். காய்கறிக்காரப் பாட்டியிடம் மராத்தியில் வாயைக் கிளறுவாள். வீட்டுக்கு வந்து அம்மம்மாவிடம் தமிழில் யோசனை கேட்பாள். குற்றவாளிக்கு ஒரே மொழிதான் தெரியும் என்றால் அவன் பாடு திண்டாட்டம்தான்.