நீலம் மாறாத குழி

காசநோய்க் கிருமி உயிர்வாழ இரும்புச்சத்து வேண்டும். நம் உடம்போ இரும்பை டிரான்ஸ்ஃபெரின் போன்ற புரதங்களுக்குள் பூட்டி வைத்திருக்கிறது. விடுமா கிருமி? மைக்கோபாக்டின் வகைப் பொருள்களைத் தானே தயாரித்து, இரும்பைக் கவ்வி இழுத்துக்கொள்கிறது. நண்டு கொடுக்கால் பிடிப்பதுபோல உலோகத்தைப் பிடிப்பதால், இத்தகைய பிடிப்பைக் கொடுக்கிணைப்பு என்கின்றன நம் வேதியியல் பாடநூல்கள். அப்படியானால், கிருமியை முந்திக்கொண்டு இரும்பைக் கவ்வும் ஒரு சேர்மத்தைக் கொடுத்து அதைப் பட்டினி போட்டால் என்ன?

சோதித்துத்தான் பார்க்கவேண்டும். காசநோய்க் கிருமியை வளர்க்க உயர் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. அது ஒரு முறை இரட்டிக்கவே ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதனால் முதல் சுற்றில் பெரும்பாலும் அதன் உறவுக் கிருமியான மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸைத்தான் எடுப்பார்கள். மூன்று, நான்கு மணி நேரத்தில் இரட்டித்துவிடும்; பொதுவாக நோயும் தராது.

96 சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில், சேர்மத்தைக் குழிக்குக் குழி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய்க் கிருமியைச் சேர்க்கிறார்கள். வளர விட்டபின் ரெசாசூரின் என்னும் நீலச் சாயம். உயிரோடிருக்கும் கிருமி அதை இளஞ்சிவப்பாக்கிவிடும். நீலம் மாறாத குழிகளில் எதில் மருந்து மிகக் குறைவோ, அதிலுள்ளதே கிருமியைத் தடுக்கப் போதுமான அளவு.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிருமிக்கு ஊட்டும் திரவத்திலேயே இரும்பு இருக்கிறது. கவ்வும் சேர்மம் அதைக் கவ்வினால் என்ன நடக்கும்? ஆஸ்திரேலிய வேதியியலாளர் ஏட்ரியன் ஆல்பர்ட்டும் குழுவினரும் ஆக்சின் என்ற சேர்மத்தைச் சீழ்ப்புண் உண்டாக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிமீது சோதித்தார்கள். உலோகம் கலவாத நீரில் அது கிருமியைக் கொல்லவில்லை. துளி இரும்பு சேர்த்ததும் கொன்றது! ஆக்சின் கிருமியைப் பட்டினி போடவில்லை. உலோகத்தை அதன்மீதே விஷமாகத் திருப்பியது. காசநோய்க் கிருமிக்கோ அளவு மிஞ்சிய செம்பும் நஞ்சு. அதை விழுங்கும் நம் வெள்ளணுக்களே அதன்மீது செம்பை ஏவுகின்றன.

எனவே, திரவத்தில் எந்த உலோகம் எவ்வளவு இருந்தது என்று சொல்லாத முடிவு அரைகுறைதான். உலோகத்தைக் குறைத்து, இரும்பு சேர்த்து, செம்பு சேர்த்து என்று தனித்தனியே பார்த்தால்தான் சேர்மம் திருடுகிறதா, சுமந்து வருகிறதா என்பது தெரியும்.

அதோடு முடியாது. நம் செல்களுக்கும் இரும்பு வேண்டுமே! அதே சேர்மத்தை மனித செல்களுக்கும் கொடுத்து, அதே நீலச் சாயத்தை விடுகிறார்கள். அந்தத் தட்டில் குழி இளஞ்சிவப்பாக மாறியே ஆகவேண்டும்.