சிறாரின் விரல்களுக்கு வர்ணம் கொடுப்போம்

பென்சிலைப் பிடிக்கக் கற்கும் முன்னரே குழந்தை வரையத் தொடங்கிவிடுகின்றது. தட்டில் சிந்திய பாலிலும் முற்றத்து மணலிலும் அது விரலால் கோடிழுத்து மகிழ்வதை நாம் காண்கின்றோம். ஆனால், கையை அழுக்காக்காதே என்ற அதட்டலே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கின்றது.

இந்த இயல்பான நாட்டத்தைக் கல்வி முறையாக வளர்த்தெடுத்தவர் ரூத் பைசன் ஷோ என்ற அமெரிக்க ஆசிரியை ஆவார். 1920களில் உரோம் நகரில் அவர் நடத்திய பாடசாலையில், காயத்திற்கு இடக் கொடுத்த அயடீனை ஒரு சிறுவன் குளியலறையில் பூசி விளையாடியதே அவரது சிந்தனையைத் தூண்டியதாகக் கூறப்படுகின்றது. சிறாருக்குத் தீங்கற்ற வர்ணக் குழம்பை உருவாக்கிய அவர், 1934 இல் விரல் ஓவியம் பற்றி நூலொன்றையும் வெளியிட்டார்.

தூரிகைக்குப் பயிற்சி வேண்டும். விரலுக்கு அது வேண்டியதில்லை. ஈரக் கடதாசியில் வர்ணத்தைப் பரப்பும்போது கையின் சிறு தசைகள் வலுப்பெறுகின்றன. மஞ்சளும் நீலமும் கலந்து பச்சையாவதைக் குழந்தை தானே கண்டறிகின்றது. பிடிக்காத கோட்டை உள்ளங்கையால் அழித்து மீண்டும் வரையலாம் என்பதால் தவறு பற்றிய அச்சமும் எழுவதில்லை. இதற்குப் பெருஞ்செலவும் இல்லை. கோதுமை மாவை நீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறிய பின் உணவு நிறமூட்டியைச் சேர்த்தால் வர்ணம் தயாராகிவிடும்.

சொற்களால் வெளியிட முடியாத துயருக்கும் கலை வழிவிடுகின்றது. மட்டக்களப்பில் 1996 இல் ஆரம்பிக்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரினால் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் சிறாரை ஒன்றாக அழைத்து ஓவியத்திலும் கதையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்தியமை நாம் அறிந்ததே.

எனினும், மூன்று வயதுப் பிள்ளை எத்தனை எழுத்துக்களை எழுதுகின்றது என்பதைக் கொண்டே முன்பள்ளிகளை மதிப்பிடும் பெற்றோர் நம்மிடையே பலர் உள்ளனர். புலமைப்பரிசில் பரீட்சை பற்றிய கவலை முன்பள்ளி வாசலிலேயே தொடங்கிவிடுகின்றது. உரம்பெறாத விரல்களில் பென்சிலைத் திணிப்பதால் எழுத்து விரைந்து வந்துவிடாது. கற்றலில் வெறுப்பே வளரும்.

எனவே, முன்பள்ளி ஆசிரியைகளும் பெற்றோரும் நாளாந்தம் சிறிது நேரத்தையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். வரைந்தது பூவா, வீடா என்று வினவித் திருத்த முற்படாது, அதைப் பற்றிப் பிள்ளை கூறுவதைப் பொறுமையுடன் செவிமடுப்பதே பெரியோர் செய்யத்தக்கதாகும். கறைபட்ட கையைக் கழுவிவிடலாம். கற்க வேண்டிய வயதில் கட்டிவைக்கப்பட்ட கையைப் பின்னர் பழக்குவது எளிதன்று.